களியை மென்று தின்பவள்

ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு எதிரே உள்ள டீக்கடையில் போய், "ராகி கொண்டாந்த பொம்பள யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

வெளிநாடு போய் வருகிறவர்கள் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். சுகுணா ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பை நிறைய ராகி மாவு கொண்டுவந்தாள். ராகி விளைகிற ஊருக்கே ராகி. போதாததற்கு, களி கிண்டுகிற மரத்துடுப்பு ஒன்று வேறு. அந்தப் பையை பெங்களூர் ஏர்போர்ட்டிலிருந்து ஏற்றி வந்தது என் வண்டிதான். அதனால் என்னையும் சேர்த்தே சிரிக்கிறார்கள். "ஏன் சின்னராஜு, அடுத்த டிரிப்பு தக்காளி கொண்டாருவாளா?" என்கிறார்கள்.

சிரிப்பது ராகிக்காக மட்டும் இல்லை. சூப்பர்வைசராக இருந்தவள் தானாகக் கேட்டு இறங்கி, பாதிச் சம்பளத்துக்கு ரோஜாச்செடி ஒட்டுக் கட்டுகிறாள் என்பதற்காக. புருஷன் இல்லாதவள், பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போய், அங்கே முன்னேறாமல் சும்மா இருக்கிறாள் என்பதற்காக. முன்னேறாமல் இருப்பது நம் ஊரில் பெரிய குற்றம். சரி, சிரிக்கட்டும். சிரித்து முடித்துவிட்டு இதைப் படிக்கட்டும்.

சுகுணா பத்தாவது முடித்த கையோடு ஓசூர் பக்கம் ஒரு ரோஜா கம்பெனிக்கு வேலைக்கு வந்தாள். அந்தக் கம்பெனியின் பூ வண்டியை நான் ஓட்டினேன். பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கொட்டகையில் வெட்டிய பூ பக்கெட்டில் வரும். முள் சீவி, காம்பின் நீளம் பார்த்துப் பிரித்து, அட்டை சுற்றிக் கட்டாக்கி குளிர் ரூமுக்கு அனுப்ப வேண்டும். சுகுணாவின் கை வேலை செய்வதைப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். கை தெரியாது. பூ மட்டும் நகரும்.

காதலர் தினம் வருவதற்கு முந்தின வாரங்களில் அந்த ஹாலைப் பார்க்க வேண்டும். எவனோ எவளுக்கோ நீட்டப் போகிற பூவுக்காக எங்கள் பெண்கள் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு நின்றபடியே தூங்குவார்கள். தூக்கத்திலும் கை கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்.

அவளுக்கு ஒரே அண்ணன், ராஜேஷ்குமார். சிப்காட் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர். அவனைக் கெட்டவன் என்று எழுத எனக்கு மனசு வராது. அப்பா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்தவன். மணிகண்டன் என்கிற தென்மாவட்டத்துப் பையனை அவனே பார்த்துக் கட்டிவைத்தான். தங்கமான பையன். அத்திப்பள்ளிப் பக்கம் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. அமாவாசை தவறாமல் பைக்குக்குப் பூசை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான்.

ஒரு நாள் அடுத்த ஷிப்ட்டுக்கு ஆள் வரவில்லை என்று அவனையே நிற்கச் சொன்னார்கள். நின்றான். இரண்டு ஷிப்ட்டும் முடித்துக்கொண்டு காலையில் திரும்பியவன், ஜூஜுவாடியில் ரோட்டோரம் நின்றிருந்த லாரிக்குப் பின்னால் போய் மோதினான். பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லை. தூங்கியிருக்கிறான். அவ்வளவுதான்.

அப்போது சுவாதி கைக்குழந்தை. சுகுணா பூ வேலையை விட்டுவிட்டு, சம்பளம் கூட வரும் என்று அண்ணன் மூலமாக மூன்று ஷிப்ட் கம்பெனிக்குப் போனாள். பிள்ளை பக்கத்து வீட்டிலும் செல்போன் முன்னாலும் வளர்ந்தது. குழந்தைகள் பேசப் பழகும்போது நிலா எங்கே, காக்கா எங்கே என்று கேட்கும். இது, "அம்மா, இன்னிக்கி நீ எந்த ஷிப்ட்டு?" என்று கேட்டது. இதைச் சொல்லும்போது சுகுணா அழமாட்டாள். பல்லைக் கடிப்பாள்.

பழைய ரோஜா கம்பெனியின் மேனேஜர் ஒருவர் கென்யா நாட்டில் நைவாஷா என்கிற ஏரிக்கரையில் பூப்பண்ணை பார்க்கப் போயிருந்தார். ஓசூர் பெண்களின் வேகத்தை அங்கே உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று சுகுணாவைக் கூப்பிட்டார். அவள் ஒரே நிபந்தனை போட்டாள். பிள்ளையும் கூட வரும்.

ராஜேஷ்குமார் குதித்தான். "பொண்ண இங்க வுட்டுட்டுப் போம்மா. உங்க அண்ணி பாத்துக்குவா."

"அண்ணியே வேலைக்குப் போயிட்டு வந்து நம்ம எல்லாரையும் பாத்துக்குது. அத யாரு பாத்துக்கறது?" என்றாள் சுகுணா.

ராஜேஷின் மனைவி ரஞ்சிதா அடுப்படியில் நின்றிருந்தது. காதில் விழுந்தது.

போனாள். போன முதல் வருஷம் அங்கேயும் ஓசூரைத்தான் நடத்தினாள். மேசை மேசையாகப் போய், "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்துவாள். அந்த ஊர்ப் பெண்கள் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் அதுதான். அவளுக்கே பேராக வைத்துவிட்டார்கள். மேடம் சீக்கிரம். அவர்கள் பதிலுக்கு அவளிடம் சொல்வது, "போலே போலே". மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம். சூப்பர்வைசர் ஆனாள். சம்பளம் ஏறியது. இங்கே டீக்கடையில் அவளுக்கு மரியாதை ஏறியது.

பிறகு ஒரு பிப்ரவரி. அதே காதலர் தினப் பூ. சுவாதிக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போன சுகுணா, இருட்டுகிற நேரத்தில் கம்பெனி வேனில் திரும்புகிறாள். வீட்டுச் சந்துக்குள் வேன் நுழைந்ததும் டிரைவர் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டான். முன்னால் ஒரு நீர்யானை. அந்த ஊரில் பொழுது சாய்ந்தால் அது ஏரியை விட்டு மேலே வந்து புல் மேயும். குறுக்கே போனால் ஆளை இரண்டாகக் கடித்துவிடும். ஹாரன் அடிக்கக்கூடாது, இறங்கக்கூடாது. அதனால்தான் அங்கே எல்லோரும் வெளிச்சத்திலேயே வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். தாமதமாக வருகிறவள் மேடம் சீக்கிரம் ஒருத்திதான்.

அவளுடைய வீடு கண்ணுக்கு எதிரே தெரிகிறது. வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மடியில் சுவாதி உட்கார்ந்து ஏதோ தின்கிறது. அம்மாவைத் தேடுகிற மாதிரியே தெரியவில்லை. இங்கே நீர்யானை மென்றுகொண்டிருக்கிறது. அது மென்று முடிக்கிற வரைக்கும் இவள் வேனுக்குள்.

"அண்ணா, ஓசூருல எத்தினி ஜாம்ல நின்னிருப்பேன். ஒரு நாள்கூட நின்ன எடத்துல நான் இருந்ததில்ல. மனசு எங்கியோ முன்னால ஓடிட்டு இருக்கும். அன்னிக்கிதான் சும்மா நின்னு பாத்தேன். அவரு தூங்கிட்டே ஓடுனாரு. நானும் தூங்கிட்டுதான் ஓடுறேன்னு தெரிஞ்சுது" என்று எனக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள்.

மறுநாள் மேனேஜரிடம் போய், என்னை ஒட்டுக் கட்டுகிற கொட்டகைக்கு மாற்றுங்கள் என்றாள். காட்டு ரோஜாத் தண்டில் நல்ல ரோஜாக் குச்சியைச் செருகிக் கட்டுகிற வேலை அது. காலையில் போனால் மத்தியானத்தோடு சரி. அவசரப்பட்டால் ஒட்டுப் பிடிக்காது. அதனால் அங்கே யாரும் கத்தமாட்டார்கள்.

"ஏம்மா, ஏற வேண்டிய நேரத்துல எறங்கறேங்கறியே?" என்றாராம் மேனேஜர்.

"ஏறுனது போதும் சார். என்னால இங்கருந்தே எல்லாம் பாக்க முடியுது."

அவளுடைய இப்போதைய வாழ்க்கை இவ்வளவுதான். ஓர் அறை வீடு. ஓர் அடுப்பு. வாசலில் நான்கு பாத்தி கீரை, ஓரத்தில் கொஞ்சம் ராகி. ஆமாம், அங்கேயும் ராகி விளைகிறது. அங்கேயும் களி கிண்டுகிறார்கள், சோளமாவிலும் ராகிமாவிலும். பள்ளி விட்டுப் பிள்ளை வரும்போது அம்மா வீட்டில் இருக்கிறாள். இருவரும் வெளிச்சம் இருக்கும்போதே வாசலில் உட்கார்ந்து களி தின்கிறார்கள். மென்று தின்கிறார்கள்.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் களியை மெல்லமாட்டோம். உருண்டையில் கொஞ்சம் கிள்ளி, குழம்பில் தோய்த்து, அப்படியே முழுங்குவோம். மென்றால் பல்லில் ஒட்டும், ருசி கெடும் என்பார்கள். பொண்ணு பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை களியை மென்றுவிட்டான் என்று சொல்லிச் சிரித்த வீடுகள் உண்டு. அங்கே அப்படி இல்லை. கிள்ளின களியை உள்ளங்கையில் உருட்டி, கட்டை விரலால் குழி பண்ணி, அந்தக் குழியில் கீரையை அள்ளி, வாயில் வைத்து நிதானமாக மெல்வார்கள். சுவாதி அங்கே போய்த்தான் களி தின்னப் பழகியது. அதற்குத் தெரிந்தது அந்த முறைதான்.

ராஜேஷ்குமாருக்கு இதெல்லாம் அவமானமாகப் பட்டது. தங்கைக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தான். முனியப்பனுக்குக் கிடா வேண்டிக்கொண்டான், தங்கை ஊருக்கே திரும்பிவிட வேண்டும் என்று. பிறகு, உன் நினைவாகவே இருக்கிறதும்மா, ஒரு தடவை வந்து போ என்று கூப்பிட்டான். சுவாதியின் பள்ளிக்கு ஏப்ரல் லீவு. மூன்று வாரத்துக்கு வந்தார்கள். திரும்பிப் போக டிக்கெட்டும் எடுத்தே வந்தார்கள்.

அவன் டிக்கெட்டைப் பார்க்கவில்லை. தங்கை வந்து இறங்கியதைத்தான் பார்த்தான். வேண்டுதல் பலித்துவிட்டது என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கே கிடா பேசிவிட்டான்.

வந்த அன்றே, "பாஸ்போர்ட்ட வெளிய வெக்காதம்மா, பீரோவுல வெக்கறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டான். அவளும் கொடுத்தாள். நம் வீடுகளில் நகையும் பட்டாவும் ரேஷன் கார்டும் போகிற இடம் அதுதானே. பீரோ சாவி வீட்டுப் பெண்ணின் இடுப்பில் தொங்கும். இதிலெல்லாம் யார் சந்தேகப்படுவார்கள்?

நடுவில் ஒரு நாள், "சும்மா பாத்துட்டு வரலாம்" என்று தாயையும் மகளையும் காரில் ஏற்றி, மலைப்பக்கம் இருக்கிற ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனான். பெரிய கட்டடம். டாக்டர் ஆன பிள்ளைகளின் படம் சுவர் முழுக்க. வார்டன் பெருமையாகச் சுற்றிக்காட்டினார். சாப்பாட்டு ஹாலில் ஒரு மணி தொங்கியது. "பத்து நிமிஷந்தான் மேடம். மணி அடிச்சா எந்திரிச்சிடணும். டைம் வேஸ்ட் பண்ண விடமாட்டோம்" என்றார். சுவாதி அந்த மணியை அண்ணாந்து பார்த்தது.

காரில் திரும்பும்போது ராஜேஷ் சொன்னான். "சீட்டு சொல்லி வெச்சிருக்கேன். ஜூன்ல சேத்துடலாம். உனக்கும் லேடீஸ் ஹாஸ்டல்ல வார்டன் வேல பாத்து வெச்சிருக்கேன். இல்ல, அங்கதான் போவேன்னா நீ மட்டும் போ. புள்ள இங்கியே படிக்கட்டும்."

"அண்ணா, நாங்க திரும்பிப் போறோம். ரெண்டு பேரும்."

"அதெல்லாம் ஞாயித்துக்கெழம பேசிக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊருக்கு வெளியே புளியந்தோப்பில் முனியப்பன் கோயில். உறவும் பழக்கமும் நாற்பது ஐம்பது பேர். பூசாரி திம்மப்பன் கிடாவின் தலையில் தண்ணீர் தெளித்தார். அது உடம்பை உலுக்கியது. சாமி ஒத்துக்கொண்டது என்று வெட்டினார்கள். மத்தியானம் களியும் கறிக்குழம்பும். தோப்பில் பாய் விரித்து நீளமாகப் பந்தி போட்டார்கள். நானும் உட்கார்ந்தேன். எனக்கு நேர் எதிரே சுகுணா, பக்கத்தில் சுவாதி. ரஞ்சிதா தண்ணீரில் கையை நனைத்து நனைத்துக் களி உருண்டை வைத்துக்கொண்டு வந்தது.

எங்கள் பந்திக்கு ஒரு சட்டம் உண்டு. கடைசி ஆள் தின்று முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக்கூடாது. எழுந்தால் அந்த ஆளை அவமதித்த மாதிரி. பொதுவாக இதில் சிரமம் இல்லை. களியை முழுங்குகிறவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பேச்சு ஆரம்பிப்பதற்குள் எல்லா இலையும் காலி.

ஓர் இலை மட்டும் காலியாகவில்லை. சுவாதி கிள்ளியது, உருட்டியது, குழி பண்ணியது, குழம்பை அள்ளியது, மென்றது. மென்றுகொண்டே புளியமரத்தில் ஓடுகிற அணிலைப் பார்த்தது. பிறகு அடுத்த உருண்டை.

"ஏய், களிய மெல்லுது பாருங்கடா!" என்றான் ஒருத்தன். பந்தி முழுக்கச் சிரிப்பு.

"ஆப்பிரிக்கால பல்லு குடுத்து அனுப்பிச்சிருக்காங்க."

"பாப்பா, அது சூயிங்கம் இல்ல. முழுங்கு."

சுவாதி நிமிர்ந்து, "போலே போலே" என்றது. தான் ஒரு தவறும் செய்யவில்லை என்ற முகம்.

ராஜேஷுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. தன் தங்கை மகளைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. வரிசையில் உட்கார்ந்தபடியே பிள்ளை பக்கம் குனிந்து, "சாமி, சீக்கிரம் முழுங்குடா. ஹாஸ்டல்ல இப்பிடித் தின்னா மணி அடிச்சிடுவாங்க. ஜூன்ல என்ன பண்ணுவ?" என்றான்.

சுவாதியின் கை நின்றது. அம்மாவைப் பார்த்தது. "அம்மா, நாம ஊட்டுக்குப் போவலியா?"

வீடு என்று அது எதைச் சொல்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"போறோம்டா. நீ தின்னு" என்றாள் சுகுணா.

ராஜேஷ் நிமிர்ந்தான். "போறோம்னா? கெடா வெட்டியாச்சும்மா. நீ வந்து சேரணும்னு சாமிக்கி வேண்டி, சாமியும் ஒத்துகிட்டு, ஊரே தின்னாச்சு. இப்ப போறேன்னா என்ன அர்த்தம்? திம்மப்பண்ணா, நீங்களே சொல்லுங்க."

பூசாரி தொண்டையைச் செருமினார். "தாயி, வேண்டுதல முறிக்கக்கூடாது. நம்ம முனியப்பன் ரோட்டுக்குக் காவல் இருக்கறவரு. கோவம் வந்தா ரோட்டுலதான் காட்டுவாரு. பொட்டப்புள்ளய வேற கூட்டிட்டுப் போற."

சுகுணா எழுந்திருக்கவில்லை. பந்திச் சட்டத்தை மீறவில்லை. உட்கார்ந்தபடியே, எச்சில் கையை இலைக்கு மேலே வைத்துக்கொண்டே பேசினாள்.

"பூசாரிண்ணா, எங்க வூட்டுக்காரரு அமாவாசைக்கி அமாவாசை இதே கோயிலு எலுமிச்சம்பழத்ததான் டயருக்கு வெச்சாரு. ஒரு மாசம் தவறல. ஜூஜுவாடியில அன்னிக்கி முனியப்பன் எங்க போயிருந்தாரு?"

பூசாரி தோளில் கிடந்த துண்டை இழுத்து முகத்தைத் துடைத்தார்.

"நானே சொல்றேன். முனியப்பன் மேல தப்பில்ல. ரெண்டு ஷிப்ட்டு பாத்துட்டு வர்றவனக் காப்பாத்த எந்தச் சாமியாலயும் முடியாது. சாமி பிரேக் போடுமா?" அண்ணன் பக்கம் திரும்பினாள். "கெடா வேண்டினது நீ. என்னக் கேட்டியா? என் புள்ளயக் கேட்டியா? சாமிகிட்ட என்ன சொல்லணுமோ நீயே சொல்லிக்க. நான் பாதிச் சம்பளம் வாங்கறேன்னு எல்லாருக்கும் சிரிப்பா இருக்குது. மீதிச் சம்பளத்துக்கு என்ன கெடைக்கிதுன்னு யாராச்சும் கேட்டீங்களா? எம்பொண்ணு ஸ்கூல் வுட்டு வர்றப்ப நான் வாசல்ல உக்காந்திருக்கேன். எந்த ஷிப்ட்டுன்னு அது கேக்கறதில்ல. இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

"அப்ப நான் உனக்கு எதிரியாம்மா?" ராஜேஷின் குரல் உடைந்துவிட்டது. "நீ அனாதையா அங்க கெடக்கக்கூடாதுன்னுதான..."

"நீ எதிரி இல்லண்ணா. நீயும் ஓடிட்டே இருக்கற. ஓடுறவனுக்கு நிக்கிறவளப் பாத்தா விழுந்துட்ட மாதிரி தெரியுது. பீரோ சாவியக் குடு."

"தரமாட்டேன்."

நாற்பது ஐம்பது பேரும் குழம்பு காய்ந்த கையோடு உட்கார்ந்திருக்கிறோம். எழுந்திருக்க முடியாது. சுவாதி இன்னும் முடிக்கவில்லை. அழுதுவிடும் என்று பார்த்தேன். அழவில்லை. அம்மா தின்னச் சொன்னாள், அதனால் தின்றது. அந்தத் தோப்பில் அது மெல்லுகிற சத்தம்தான் கேட்டது.

ரஞ்சிதா களிச் சட்டியைக் கீழே வைத்தது. ஈரக்கையைப் புடவையில் துடைத்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு நேராக வந்து சுகுணாவின் மடியில் போட்டது.

"ஏய் ரஞ்சிதா!" என்றான் ராஜேஷ்.

"என்னா? சாவி என் இடுப்புலதான இருக்குது. நான் குடுக்கறேன்." இருபது வருஷத்தில் அந்தப் பெண் சபையில் பேசி நான் கேட்டதில்லை. "புள்ள மென்னு தின்னா என்ன கெட்டுப் போச்சு? நான் வேலைக்குப் போற அவசரத்துல நின்னுட்டே முழுங்கி முழுங்கி வயித்து வலிக்கி மாத்தர போட்டுட்டு இருக்கறன். அதுக்கு யாராச்சும் கெடா வேண்டினீங்களா?"



ரஞ்சிதா பந்தியைப் பார்த்துத் திரும்பியது. பரிமாறுகிற பெண்கள் கடைசியில்தான் தின்பார்கள். அதுவும் ஒரு சட்டம்தான். "நகுருங்க" என்று பக்கத்தில் இருந்தவனைத் தள்ளிவிட்டு சுவாதியின் பக்கத்தில் உட்கார்ந்தது. "எனக்கும் ஒரு எல போடுங்க."

"அய்யோ, இனிமேலயா?" என்று கடைசியிலிருந்து ஒரு கிழவர் முனகினார். கை கழுவி வெற்றிலை போடக் காத்திருந்தவர்.

"ஆமா, இனிமேதான். போலே போலே" என்றது ரஞ்சிதா.

சுவாதிதான் முதலில் சிரித்தது. அத்தையின் கையைப் பிடித்து, களியில் கட்டை விரலால் எப்படிக் குழி பண்ண வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது. அன்று அந்தப் பந்தி எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்க்கவில்லை. நிழல் மரத்தின் அந்தப் பக்கம் போய்விட்டது.

ராஜேஷ் தங்கையோடு அதன் பிறகு பேசவில்லை. அவர்கள் கிளம்புகிற நாளில் வீட்டிலும் இல்லை. ஆனால் காலையிலேயே என் வண்டியை நிறுத்தி, டயரைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, "காத்து செக் பண்ணிட்டியா? தூக்கமில்லாம எடுக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவனால் அவ்வளவுதான் முடியும். அதற்கு மேல் கேட்பதும் நியாயமில்லை.

சாமானை ஏற்றிக்கொண்டு மத்தியானத்துக்கு முன்பே கிளம்பினோம். பை இப்போது லேசாக இருந்தது. கொண்டுவந்த ராகி மாவை ரஞ்சிதா வாங்கி வைத்துக்கொண்டது. அந்தத் துடுப்பையும்தான்.

ஓசூர் தாண்டி ஜூஜுவாடியில் எப்போதும் போல ஜாம். கர்நாடகா எல்லை, லாரி, பஸ், கம்பெனி வேன், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத குறை. மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தபோது சுகுணா, "அண்ணா, இங்க கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள்.

எந்த இடம் என்று எனக்குத் தெரியும். ஓரம் கட்ட வழியில்லை. நடுவிலேயே நிறுத்தினேன். அவள் சுவாதியைக் கூட்டிக்கொண்டு இறங்கி ரோட்டு ஓரத்தில் போய் நின்றாள். எலுமிச்சம்பழம் இல்லை, கற்பூரம் இல்லை, அழுகை இல்லை. சும்மா நின்றாள். பிள்ளையிடம் கையைக் காட்டி ஏதோ சொன்னாள். அது தலையாட்டியது. முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்து இடம் விழுந்துவிட்டது.

பின்னால் ஹாரன் பிடித்துக்கொண்டது. ஒரு லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி, "ஏய், முந்தே ஹோகோ! போய்யா முன்னால!" என்று இரண்டு பாஷையிலும் திட்டினான். ஒரு கம்பெனி வேன்காரன் என் கதவைத் தட்டினான். "ஷிப்ட்டுக்கு லேட்டாவுது! வண்டிய எடுய்யா, என்ன நின்னுட்டிருக்க?"

சுகுணா திரும்பிப் பார்த்தாள். ஹாரனைக் கேட்டு வரவில்லை. பார்த்துவிட்டு மறுபடியும் அந்த இடத்தைப் பார்த்து நின்றாள்.

நான் இன்ஜினை அணைத்தேன். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அந்தம்மா வர்ற வரைக்கும் வண்டி நகராது. ஹாரன அடிச்சுக்கங்கடா" என்றேன்.